சாம்பார், ரசம், கூட்டு, பொரியல்: தினசரி சைவச் சமையலில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே அளவு எல்லாம் நாலு பேருக்கு. ஒரு கப் என்றால் 200 மில்லி. டீஸ்பூன் 5 மில்லி, டேபிள்ஸ்பூன் 15 மில்லி. புளிக்கு மட்டும் கப் கணக்கு சரிவராது. வீட்டில் சொல்லும் "எலுமிச்சை அளவு" சுமார் 25 முதல் 30 கிராம், "நெல்லிக்காய் அளவு" சுமார் 10 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய புளி கறுத்து, புளிப்பும் கூடியிருக்கும். அதில் கால் பங்கு குறைத்துப் போடுங்கள்.

தினமும் சாம்பார், ரசம், கூட்டு, பொரியல் நாலும் செய்தாக வேண்டுமா?

வேண்டாம். நாலும் ஒன்றாக இலையில் விழுவது விசேஷ நாளுக்கு. வார நாளில் ஒரு குழம்பு, ஒரு காய், மோர் போதும். எதோடு எது சேரும் என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

பருப்பு குழம்பில் இருக்கிறதா, காயில் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டில் ஒன்றில் இருந்தால் போதும். சாம்பார் வைத்தால் காய் வெறும் பொரியலாக இருக்கட்டும்: பீன்ஸ், கோஸ், வாழைக்காய், உருளைக்கிழங்கு ரோஸ்ட். வத்தக்குழம்பில் பருப்பு கிடையாது, காரமும் புளிப்பும் தூக்கலாக இருக்கும். அதற்குப் பாசிப்பருப்பு போட்ட கூட்டோ கீரை மசியலோதான் பொருத்தம், கூடச் சுட்ட அப்பளம். மோர்க்குழம்புக்குப் பருப்புசிலி. ரசம் மட்டும்தான் என்றால் பருப்புத் துவையல் அரைத்துவிடுங்கள், குறையே தெரியாது. சாம்பாரும் கூட்டும் ஒரே நாளில் செய்தால் வயிறு திம்மென்று ஆகிவிடும், சுவையிலும் ஒன்றை ஒன்று அமுக்கும்.

துவரம்பருப்பு எத்தனை விசில் விட்டாலும் வேகவில்லை. ஏன்?

மூன்று காரணங்கள். ஒன்று, பருப்பு பழசு. நாள்பட்ட பருப்பு, அதுவும் ஈரப்பதமும் சூடும் உள்ள அலமாரியில் இருந்தது, உள்ளே இறுகிவிடும். இரண்டு, போர் தண்ணீர். கால்சியமும் மக்னீசியமும் அதிகமுள்ள உப்புத் தண்ணீரில் பருப்பின் செல்சுவர் இளகாது. குடிநீரில் வேகவைத்துப் பாருங்கள், வித்தியாசம் அன்றைக்கே தெரியும். மூன்று, வேகும் முன்பே தக்காளியோ புளியோ சேர்ப்பது. புளிப்பு பட்டால் பருப்பு விறைத்துக்கொள்ளும்.

100 கிராம் பருப்பை (அரை கப்புக்குச் சற்று மேல்) கழுவி அரை மணி நேரம் ஊறவையுங்கள். பருப்பைப் போல மூன்று பங்கு தண்ணீர், கால் டீஸ்பூன் மஞ்சள்தூள், நாலு சொட்டு நல்லெண்ணெய் அல்லது விளக்கெண்ணெய். எண்ணெய் நுரையை அடக்கும், விசிலில் மஞ்சள் தண்ணீர் பீய்ச்சாது. நாலைந்து விசில், பிறகு ஆவி தானாக அடங்க வேண்டும். ஆவியைக் கரண்டியால் தூக்கிவிட்டு உடனே திறப்பவர்கள் கடைசிப் பத்து நிமிட வேக்காட்டை இழக்கிறார்கள். வெந்த பருப்பைச் சூட்டிலேயே மத்தால் கடைந்து வையுங்கள்.

சமையல் சோடா ஒரு சிட்டிகை போட்டால் குழையும், உண்மைதான். ஆனால் பருப்பில் உள்ள தயாமின் (பி1 வைட்டமின்) அழியும், வாடையும் வரும். ஊறவைப்பது இருக்கும்போது சோடா எதற்கு?

சாம்பார் அரை மணி நேரம் கொதிக்கிறது, காய் மட்டும் கடுக்கென்று இருக்கிறதே?

பச்சைக் காயை நேராகப் புளித்தண்ணீரில் போட்டிருப்பீர்கள். பருப்புக்குச் சொன்னதுதான் காய்க்கும்: புளிப்பில் காய் மெத்தென்று ஆகாது. முள்ளங்கி, முருங்கை, பூசணி, கத்தரி எதுவானாலும் முதலில் வெறும் தண்ணீரில் உப்பும் மஞ்சளும் போட்டு முக்கால் பதம் வேகட்டும். அதன் பிறகே புளி.

வெண்டைக்காய் மட்டும் விலக்கு. அதை நறுக்கி, துடைத்து, இரண்டு டீஸ்பூன் எண்ணெயில் கொழகொழப்பு போகும்வரை வதக்கி, புளித்தண்ணீர் கொதிக்கும்போது சேர்க்க வேண்டும். வெறும் தண்ணீரில் வேகவைத்தால் குழம்பே நூல் இழுக்கும்.

முழு வரிசை இது. காய் 250 கிராம், ஒன்றரை கப் தண்ணீரில் முக்கால் பதம். எலுமிச்சை அளவு புளியை இளஞ்சூட்டு நீரில் ஊறவைத்து, ஒன்றரை கப் கரைசலாக வடித்து ஊற்றுங்கள். சாம்பார்ப்பொடி இரண்டு டேபிள்ஸ்பூன், உப்பு, பெருங்காயம். எட்டு முதல் பத்து நிமிடம் நன்றாகக் கொதித்து, பச்சைப்புளி வாசனை போய், பொடியின் எண்ணெய் ஓரத்தில் லேசாகத் தெரிய வேண்டும். அப்போதுதான் கடைந்த பருப்பு. பருப்பு சேர்ந்த பிறகு ஐந்து நிமிடம் போதும், அடிக்கடி கிளறுங்கள், இல்லாவிட்டால் அடிப்பிடிக்கும். கடுகு, வெந்தயம், மிளகாய் வற்றல், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டி, கொத்தமல்லி தூவி மூடுங்கள்.

ஆறினதும் சாம்பாரில் பருப்பு அடியிலும் தண்ணீர் மேலேயும் நிற்கிறது.

பருப்பு சரியாகக் கடையப்படவில்லை, அல்லது தண்ணீர் கூடிவிட்டது. ஒரு டீஸ்பூன் அரிசிமாவைக் கால் கப் தண்ணீரில் கரைத்து ஊற்றி இரண்டு கொதி விடுங்கள், சேர்ந்துகொள்ளும். கூட்டுக்கும் இதே வைத்தியம்தான். சுரைக்காய், புடலங்காய் கூட்டு நீர்த்துப்போவதற்குக் காரணம் காய் தானே தண்ணீர் விடுவது. அந்தக் காய்களுக்கு ஒரு கை தண்ணீர் தெளித்தால் போதும், மூழ்க ஊற்றக் கூடாது.

உப்பு கூடிவிட்டால் உருளைக்கிழங்கு போட்டால் சரியாகுமா?

உருளைக்கிழங்கு உப்பைத் தேடிப்பிடித்து உறிஞ்சுவதில்லை. குழம்பைக் கொஞ்சம் இழுக்கும், அதிலுள்ள உப்பும் கூடவே போகும், அவ்வளவுதான். மிச்சக் குழம்பின் கரிப்பு அப்படியே இருக்கும். உப்பில்லாத வெந்த பருப்பும் வெந்நீரும் சேர்த்து அளவைக் கூட்டுவதுதான் ஒரே வழி.

சாம்பார்ப்பொடி வீட்டிலேயே அரைக்க அளவு?

மல்லி 250 கிராம், மிளகாய் வற்றல் 150 கிராம் (காரம் குறைய வேண்டுமானால் 100), துவரம்பருப்பு 50, கடலைப்பருப்பு 50, மிளகு 20, வெந்தயம் 15 கிராம், விரலி மஞ்சள் இரண்டு. நல்ல வெயிலில் ஒரு நாள் காயவைத்து மில்லில் கொடுக்கலாம். மிக்ஸியில் அரைப்பதானால் தனித்தனியாக வறுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி வறுத்தால் வெந்தயம் கருகும்போது கடலைப்பருப்பு பச்சையாகவே இருக்கும். வெந்தயம் பொன்னிறம் தாண்டிச் சிவக்கும் நேரத்தில் எடுத்துவிட வேண்டும், கறுத்தால் பொடி முழுக்கக் கசக்கும். அரைத்த சூடு ஆறுவதற்குள் டப்பாவில் அடைத்தால் வியர்த்துக் கட்டியாகும். பேப்பரில் பரப்பி ஆறவிடுங்கள்.

ரசம் மணக்கவே மாட்டேன் என்கிறது.

கொதிக்கவிட்டிருப்பீர்கள். சாம்பாருக்குக் கொதி உயிர், ரசத்துக்கு அதுவே எமன். மிளகு, சீரகத்தின் வாசனை எண்ணெய்கள் ஆவியோடு போய்விடும், பாத்திரத்தில் மிஞ்சுவது காரமும் ஒரு கடுப்பும்தான்.

கொதிக்க வேண்டியது புளித்தண்ணீர் மட்டும். நெல்லிக்காய் அளவு புளி, இரண்டு கப் தண்ணீர், கையால் பிசைந்த பழுத்த நாட்டுத் தக்காளி இரண்டு, மஞ்சள், உப்பு, பெருங்காயம். இது எட்டு நிமிடம் கொதித்து புளி வாசனை போகட்டும். பிறகு தீயைக் குறைத்து, வெந்த பருப்பின் மேலே நிற்கும் தெளிந்த பருப்புத்தண்ணீர் ஒன்றரை கப் ஊற்றுங்கள். மிளகு ஒரு டீஸ்பூன், சீரகம் ஒரு டீஸ்பூன், பூண்டு நாலு பல், இவற்றை உரலில் ஒன்றிரண்டாகத் தட்டி அந்த நேரத்தில்தான் போட வேண்டும். மிக்ஸியில் நைசாக அரைத்தால் ரசம் கலங்கும்.

இனி அடுப்பை விட்டு நகராதீர்கள். முதலில் ஓரத்தில் வெள்ளை நுரை வளையமாகக் கட்டும், மெல்ல நடுவை நோக்கி வரும், பாத்திரத்தின் வாய் முழுக்க மூடி லேசாக எழும்பும். அந்த இடத்தில் அணைத்துவிடுங்கள். நெய்யில் கடுகு, மிளகாய் வற்றல், கறிவேப்பிலை தாளித்து, மல்லித்தழை கிள்ளிப் போட்டு உடனே மூடினால் பத்து நிமிடம் கழித்துத் திறக்கும்போது வாசல்வரை மணக்கும்.

எலுமிச்சை ரசத்துக்குப் புளி கிடையாது. சாற்றை அடுப்பை அணைத்து, கை பொறுக்கும் சூட்டுக்குச் சற்று மேல் இருக்கும்போதுதான் பிழிய வேண்டும். கொதிக்கும் ரசத்தில் பிழிந்தால் கசக்கும்.

ஈயச் சொம்பில் வைத்தால் ருசியா? பாதுகாப்பா?

ஈயச் சொம்பு என்பது வெள்ளீயத்தில் செய்தது. காரீயம் வேறு, அது நஞ்சு, கலப்படம் உண்டு என்பதால் நம்பகமான பாத்திரக் கடையில் மட்டும் வாங்குங்கள். வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். ஆகவே காலிச் சொம்பை ஒரு நிமிடம்கூட அடுப்பில் வைக்கக் கூடாது, அதில் தாளிக்கவும் கூடாது. முதலில் புளித்தண்ணீரை ஊற்றிவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவையுங்கள், தீ அடியைத் தாண்டிப் பக்கவாட்டில் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ருசி பற்றிக் கேட்டால், நுரை கட்டும் நேரம் பார்த்து இறக்கிய ரசம் எவர்சில்வரிலும் ருசியாகத்தான் இருக்கும்.

தாளிப்பில் கடுகு கசக்கிறது.

எண்ணெய் காயும் முன்பே கடுகைப் போட்டதால் அது பாதி வெடித்து நின்றிருக்கும். நாலு கடுகைப் போட்டுப் பாருங்கள், உடனே வெடித்தால் மீதியைப் போடலாம். முக்கால்வாசி வெடித்ததும் உளுத்தம்பருப்பு, அது சிவக்கத் தொடங்கியதும் மிளகாய் வற்றல், பிறகு பெருங்காயம், கடைசியில் ஈரம் துடைத்த கறிவேப்பிலை. கறிவேப்பிலை போட்டதுமே தீயை அணைத்துவிடுங்கள். கடாயின் சூடு மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

பெருங்காயம்: கட்டியா, பொடியா?

கட்டிக்கு மணம் அதிகம். பொடியில் பெருங்காயத்தோடு மாவும் பிசினும் கலந்திருக்கும், பெரும்பாலும் கோதுமை அல்லது மைதா. கோதுமை ஒவ்வாதவர்கள் டப்பாவின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்க வேண்டும். கட்டியைச் சிறுசிறு துண்டாக்கி எண்ணெயில் பொரித்துப் பொடித்து வைத்துக்கொள்ளலாம், அல்லது வெந்நீரில் ஊறப்போட்டு அந்தத் தண்ணீரை ஊற்றலாம். நம் சமையலில் இவ்வளவு ஊறிப்போன இந்தச் சரக்கு பெரும்பாலும் ஆப்கானிஸ்தான், ஈரான் பக்கத்திலிருந்து வருவது. இமாசலப் பிரதேசத்தின் லாகௌல் பள்ளத்தாக்கில் பாலம்பூர் சிஎஸ்ஐஆர் ஆய்வு நிறுவனம் சோதனையாக நாற்று நட்டதே 2020 அக்டோபரில்தான்.

பொரியல் நிறம் மாறி, சொதசொதவென்று ஆகிறது.

தண்ணீர் அதிகம், மூடியும் போட்டிருக்கிறீர்கள். பீன்ஸ், அவரை, கீரை போன்ற பச்சைக் காய்கள் வேகும்போது அவற்றிலிருந்து மெல்லிய புளிப்பு ஆவியாக வெளியேறும். மூடிவைத்தால் அது திரும்பக் காயிலேயே இறங்கிப் பச்சையைப் பழுப்பாக்கும். 250 கிராம் பீன்ஸைப் பொடியாக நறுக்கி, தாளித்த கடாயில் ஒரு நிமிடம் வதக்கி, கால் கப் தண்ணீர் தெளித்து, திறந்தே வைத்து எட்டு நிமிடம். தண்ணீர் சுண்டியதும் உப்புப் பாருங்கள். தேங்காய்த்துருவல் மூன்று டேபிள்ஸ்பூன், போட்டுப் பிரட்டி அணைத்துவிட வேண்டும். தேங்காய் தீயில் நின்றால் எண்ணெய் விட்டுச் சப்பென்று ஆகும்.

கோஸுக்குத் தண்ணீரே வேண்டாம். ஐந்தாறு நிமிடத்துக்கு மேல் வேகவிட்டால் கந்தக வாடை கிளம்பும். வாழைக்காய், சேனை, கொத்தவரங்காய்க்கு மட்டும் தனியாக வேகவைத்து வடிக்கும் வழக்கம் சரி.

பருப்புசிலி உதிரியாக வரவில்லை, மாவுருண்டையாக நிற்கிறது.

அரைக்கும்போது தண்ணீர் விட்டிருப்பீர்கள். அரை கப் துவரம்பருப்பு, கால் கப் கடலைப்பருப்பு ஒரு மணி நேரம் ஊறட்டும். ஊறின தண்ணீரை ஒட்ட வடித்து, மிளகாய் வற்றல் நாலு, உப்பு, பெருங்காயம் சேர்த்து விட்டுவிட்டு அரையுங்கள். ரவை மாதிரி கொரகொரப்பாக இருக்க வேண்டும். இட்லித் தட்டில் பன்னிரண்டு நிமிடம் ஆவியில் வைத்து, முழுக்க ஆறவிடுங்கள். சூட்டில் உதிர்த்தால் களியாகும். ஆறினதைக் கையால் உதிர்த்து, மூன்று டேபிள்ஸ்பூன் எண்ணெயில் தாளித்து, சிறு தீயில் மொறுமொறுப்பு வரும்வரை பிரட்டி, வெந்த பீன்ஸைச் சேர்க்க வேண்டும். ஆவியில் வைக்காமல் நேராக வதக்கும் முறையும் உண்டு. இரண்டு மடங்கு எண்ணெய் குடிக்கும்.

மோர்க்குழம்பு திரிந்துபோகிறது.

தயிரின் புரதம் புளிப்பிலும் சூட்டிலும் சேர்ந்து முறுக்கிக்கொள்வதுதான் திரிதல். தடுக்க இரண்டு விஷயம்: நடுவே மாவுப்பொருள் இருக்க வேண்டும், கொதி வரக் கூடாது.

ஒரு டேபிள்ஸ்பூன் துவரம்பருப்பும் ஒரு டீஸ்பூன் பச்சரிசியும் அரை மணி ஊறவைத்து, கால் கப் தேங்காய், பச்சைமிளகாய் நாலு, சீரகம் ஒரு டீஸ்பூன், சிறு துண்டு இஞ்சியோடு நைசாக அரையுங்கள். வெண்பூசணி 200 கிராமை மஞ்சள், உப்பு போட்டு வேகவைத்து, அரைத்த விழுதை அதில் சேர்த்து நாலு நிமிடம் கொதிக்கவிடுங்கள். பருப்பின் பச்சை வாசனை இந்தக் கட்டத்திலேயே போயாக வேண்டும், பிறகு சந்தர்ப்பம் கிடைக்காது. தீயைச் சிறிதாக்கி, சிலுப்பிய புளித்த தயிர் இரண்டு கப் ஊற்றி, கை விடாமல் கலக்குங்கள். ஓரம் நுரைத்ததும் இறக்கி, தேங்காயெண்ணெயில் தாளித்துக் கொட்டுங்கள். சூடு தணியும்வரை மூடாதீர்கள். மறுபடி சூடு பண்ணுவதானால் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துச் சூடாக்குவதே நல்லது.

சாப்பாட்டு டப்பாவுக்குத் தயிர்சாதம் மதியத்துக்குள் புளிக்கிறது. எலுமிச்சைசாதம் கசக்கிறது.

தயிர்சாதத்தில் தயிரைக் குறைத்துப் பாலைக் கூட்டுங்கள். ஒரு கப் அரிசியைக் குழைய வடித்து, சூட்டிலேயே மசித்து, காய்ச்சிய பால் இரண்டு கப் ஊற்றி ஆறவிட வேண்டும். வெதுவெதுப்பும் போன பிறகு புளிக்காத தயிர் மூன்று டேபிள்ஸ்பூன். மதியம் ஒரு மணிக்குப் பதமாக உறைந்திருக்கும். வெயில் காலத்தில் தயிர் ஒரு டேபிள்ஸ்பூனே போதும். வெங்காயம் சேர்க்காதீர்கள், கெடும்.

எலுமிச்சையில் கசப்பு வருவது விதையிலிருந்தும், ஒட்டப் பிழியும்போது தோலிலிருந்தும், சாற்றைக் கடாயில் கொதிக்கவிடுவதிலிருந்தும். தாளிப்பை அணைத்துவிட்டு, சாதத்தில் நல்லெண்ணெய் விட்டுப் பிரட்டி, சாற்றை நேராகச் சாதத்தின்மேல் பிழியுங்கள். ஒரு கப் அரிசிக்கு நடுத்தரப் பழம் ஒன்றரை.

மீந்த சாதத்தை மறுநாள் தாளித்துச் சாப்பிடலாமா?

எப்படி வைத்தீர்கள் என்பதைப் பொறுத்தது. அரிசியில் இருக்கும் பேசில்லஸ் சீரியஸ் என்ற நுண்ணுயிரின் வித்துகள் வேகும்போது சாவதில்லை. சாதம் மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகக் கிடந்தால் அவை முளைத்துப் பெருகும். அவற்றில் சில விடும் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. இரண்டு மணி நேரத்துக்குள் ஆறவைத்துத் தட்டையான டப்பாவில் ஃபிரிஜ்ஜில் வையுங்கள், மறுநாளே முடித்துவிடுங்கள். குக்கரோடு மேடையில் கிடந்ததைத் தாளித்துக் காப்பாற்ற வேண்டாம்.

கொண்டைக்கடலை ஊறப்போட மறந்துவிட்டால்?

கழுவிய கடலையை ஹாட்பேக்கில் போட்டு, தளதளவென்று கொதிக்கும் தண்ணீரை நாலு மடங்கு ஊற்றி, அரை டீஸ்பூன் உப்புச் சேர்த்து மூடிவிடுங்கள். இரண்டு மணி நேரத்தில் ஊறிவிடும். அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் எட்டு விசில். ராஜ்மாவுக்கும் இப்படிச் செய்யலாம், ஆனால் ராஜ்மாவை அரைவேக்காட்டில் ருசிகூடப் பார்க்கக் கூடாது. பச்சை ராஜ்மாவில் உள்ள லெக்டின் என்ற புரதம் வாந்தி பேதியை உண்டாக்கும், நன்றாகக் கொதித்தால்தான் அழியும்.

இந்தச் சாப்பாட்டில் சத்து போதுமா?

புரதத்தின் கூறுகளில், அரிசியில் குறைகிற லைசின் பருப்பில் உண்டு, பருப்பில் குறைகிற மெத்தியோனின் அரிசியில் உண்டு. சாம்பார்சாதம் அந்த வகையில் நல்ல ஜோடி. ஆனால் நீர்க்கச் சாம்பாரை ஒரு கரண்டி ஊற்றிவிட்டுப் பருப்பு சாப்பிட்டதாகக் கணக்குப் பண்ணக் கூடாது. நாலு பேருக்கு 100 கிராம் பருப்பு என்றால் தலைக்கு 25 கிராம்தான். மாலையில் சுண்டல், இரவில் அடை என்று இன்னொரு வேளை பருப்பு வந்தால் சரியாகும்.

கீரையின் இரும்புச்சத்து உடலில் சேர எலுமிச்சைச் சாறு, நெல்லிக்காய் உதவும். சாப்பிட்ட கையோடு குடிக்கும் டீயும் காபியும் அதைத் தடுக்கும், ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். பி12 தாவர உணவில் கிடைக்காது. பால், தயிர் சேர்ப்பவர்களுக்கு ஓரளவு கிடைக்கும். அதையும் விட்டவர்கள் மருத்துவரிடம் கேட்டு மாத்திரை எடுக்கத்தான் வேண்டும்.

மாவு அரைத்துப் புளிக்கவைக்க நேரமில்லை, ராத்திரிக்கு என்ன செய்யலாம்?

அடை. புழுங்கலரிசி இரண்டு கப், துவரம்பருப்பு அரை கப், கடலைப்பருப்பு அரை கப், உளுந்து கால் கப், மூன்று மணி நேரம் ஊறினால் போதும். முதலில் மிளகாய் வற்றல் ஆறு, உப்பு, பெருங்காயத்தோடு அரிசியை அரைத்து, பிறகு பருப்பைச் சேர்த்துக் கொரகொரப்பாக எடுங்கள். நைசாக அரைத்தால் அடை தோல் மாதிரி இழுக்கும். கல்லில் ஊற்றியதும் நடுவில் ஒரு ஓட்டை போட்டு அதிலும் எண்ணெய் விட்டால்தான் நடுப்பகுதி வேகும். முருங்கைக்கீரையை மாவிலேயே கலக்கலாம்.

ஊறவைக்கக்கூட நேரமில்லையென்றால் ரவை உப்புமா. ஒரு கப் ரவையைச் சிறு தீயில் மணம் வரும்வரை வறுத்துத் தட்டில் கொட்டி ஆறவையுங்கள். தாளித்து இரண்டரை கப் தண்ணீர், உப்பு. தண்ணீர் தளதளத்ததும் தீயைக் குறைத்து, ஒரு கையால் ரவையைத் தூவிக்கொண்டே மறு கையால் கிளறுங்கள். கட்டி தட்டுவது, வறுக்காத ரவையாலோ மொத்தமாகக் கொட்டுவதாலோதான். மூடி மூன்று நிமிடம் புழுங்கவிட்டு, ஒரு டீஸ்பூன் நெய் விட்டுக் கிளறிப் பரிமாறுங்கள்.